18 முதல் 26 வரை

மறைமலை நகர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் நடந்தால் மின்கம்பம், டீக்கடைச் சுவர், பூட்டிக் கிடக்கும் கடையின் ஷட்டர் என்று ஒட்ட இடம் கிடைத்த எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நோட்டீஸ்தான். "உடனடியாக ஆட்கள் தேவை. பிரபல கார் உதிரிபாகக் கம்பெனி. பிளஸ் டூ பாஸ் / ஃபெயில், ஐ.டி.ஐ., டிப்ளமோ. ஆண் / பெண். வயது 18–26. சம்பளம் 18,000. உணவு, தங்குமிடம், பஸ் வசதி உண்டு. ஸ்பாட் ஜாயினிங்." கீழே ஒரு செல்போன் நம்பர் இருக்கும். கம்பெனி பெயர் மட்டும் இருக்காது. தனித்தமிழுக்காக வாழ்நாளெல்லாம் போராடிய மறைமலையடிகள் பெயரைத் தாங்கிய ஊரில் ஸ்பாட் ஜாயினிங்! அது கிடக்கட்டும்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் இந்த நோட்டீஸ்கள் இன்னும் அதிகமாகும். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு முடிந்துவிடும், ரிசல்ட் மே மாதம்தான். நடுவில் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள், வெயில் வேறு, வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல். ஆள் பிடிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நான் இந்த வட்டாரத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் லைனில் புதிதாக வந்து நிற்கும் முகங்களைப் பார்க்கிறேன். மீசை சரியாக அரும்பாத பையன்கள். ஷிப்ட் முடிவதற்குள் காலை மாற்றி மாற்றி நிற்பார்கள்.

நீட், ஐ.ஐ.டி., கட்-ஆஃப் 195 என்றெல்லாம் பேச டிவி சேனல்கள் இருக்கின்றன, பேப்பரில் தனி இணைப்பே வருகிறது. 2025-ல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். அதாவது ஏறக்குறைய எல்லாரும் பாஸ். அந்த எல்லாரில் 350, 400 மார்க் எடுத்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று அம்மா முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பதிவு. அவர்கள் அம்மாவுக்காகவும்.

அந்த நோட்டீஸை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

"பாஸ் / ஃபெயில்" என்றால் என்ன? நீங்கள் பன்னிரண்டு வருடம் படித்த எதுவும் அந்த வேலைக்குத் தேவையில்லை என்று அர்த்தம். சில நாள் பயிற்சி கொடுத்தால் போதும். கண் நன்றாகத் தெரிய வேண்டும், விரல் வேகமாக ஓட வேண்டும், எட்டு மணி நேரம் நிற்கத் தெம்பு வேண்டும். அதனால்தான் அடுத்த வரியில் வயது வருகிறது. அவர்கள் கேட்பது படிப்பை இல்லை, வயதை. 26 தாண்டினால் என்ன ஆகும் என்று நோட்டீஸில் எழுத மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு எண்ணில் எல்லாம் இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன என்று யோசிக்கிற வீட்டில், 27-ஆவது வயதில் என்ன என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

"சம்பளம் 18,000" என்பதைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் பி.எஃப். 12 சதவீதம், 1,440 பிடிப்பார்கள். ஈ.எஸ்.ஐ.க்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அது சில்லறை. கேன்டீன், தங்குமிடம் இலவசம் என்று சொன்னாலும் பல இடங்களில் ஒரு தொகை கழியும். மிச்சத்தில் ஒரு பங்கு அட்டெண்டன்ஸ் போனஸ். மாதத்தில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அது போச்சு. இன்னொரு பங்கு ஓ.டி.யை நம்பிப் போட்ட கணக்கு. ஆர்டர் குறைந்தால் ஓ.டி. இல்லை. கையில் பதினாலு, பதினைந்து வந்தால் அதிர்ஷ்டம். அதற்காக பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிப்பதைக் குறை சொல்லாதீர்கள். அவை இரண்டும் இல்லாமல் "முழுச் சம்பளமும் கையில்" என்று சொல்கிறவர்தான் ஆபத்தானவர். ஈ.எஸ்.ஐ. இருந்தால் உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் சிகிச்சை உண்டு. அந்த ஒரு அட்டை எத்தனையோ வீடுகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

போன வருடம் எதிர்வீட்டு அக்கா என்னிடம் கேட்டது இது: "தம்பி, கம்பெனிக்குப் போனா மாசம் பதினெட்டாயிரம் அவங்க குடுக்குறாங்க. காலேஜ்ல சேத்தா நாமதான் குடுக்கணும். எது லாபம், நீயே சொல்லு."

அந்தக் கணக்கு தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். குழுக் கடன் இரண்டு ஓடுகிறது. சின்னவள் ஒன்பதாவது. அந்த வீட்டுக்கு ஜூனிலிருந்தே ஒரு சம்பளம் தேவை. "படிப்புதான் முக்கியம் அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அது சுலபம். ஆனால் வேலைக்குப் போவதிலேயே பல வாசல்கள் உண்டு. எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் இந்த வட்டாரத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கதை என்றால் பழங்கதை இல்லை, உங்கள் தெருவிலேயே அதில் வாழ்ந்தவர்கள் இருப்பார்கள்.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. நல்ல காலத்தில் நேரடி ஊழியர்களே 8,000 பேர். அதில் பெண்கள்தான் பெரும்பான்மை. பலர் பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறியவர்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களில் நோக்கியா பஸ் வந்து நிற்பதே ஒரு கௌரவம். வீடு கட்டினார்கள், தம்பியைப் படிக்க வைத்தார்கள், நகை சேர்த்தார்கள். பிறகு வருமான வரி வழக்கு வந்தது, ஆலை உட்பட சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலையை மட்டும் விட்டுவிட்டது. விருப்ப ஓய்வு என்று ஒன்று அறிவித்தார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது.

19 வயதில் சேர்ந்து எட்டு வருடம் போன் பூட்டிய ஒரு பெண்ணுக்கு அன்று 27. கையில் ஒரு தொகை இருந்தது. அனுபவம் இருந்தது. சான்றிதழ் என்று காட்ட பிளஸ் டூ மார்க் ஷீட்தான் இருந்தது. அடுத்த கம்பெனி வாசலில் அதே மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு 18 வயதுப் பெண்கள் நின்றார்கள். அதே வளாகத்தில் பிறகு சால்காம்ப் வந்தது, சார்ஜர் தயாரிக்கிறது, மீண்டும் ஆயிரக்கணக்கில் பெண்களுக்கு வேலை. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. 2014-ல் வெளியே வந்தவர்களுக்கு அந்த நோட்டீஸின் வயது வரி தாண்டியிருந்தது.

நம் மறைமலை நகர் ஃபோர்டு கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. 1995-ல் இந்தியாவுக்கு வந்தார்கள், 1999-ல் ஐகான் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. ஊரே அதைச் சுற்றி வளர்ந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். 2022 ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் சங்கம் வைத்து, உள்ளேயே உட்கார்ந்து போராடி, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் இத்தனை நாள் சம்பளம் என்று பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அந்தத் தொகை போதுமா போதாதா என்பது வேறு பஞ்சாயத்து. நான் சொல்ல வருவது, "ஒவ்வொரு வருடத்துக்கும்" என்று பேசுவதற்கு அந்த வருடங்கள் கம்பெனி ஏட்டில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்ததே, அதுவும் சங்கம் வைக்கும் உரிமைக்காக நிரந்தரத் தொழிலாளர்கள் நடத்தியதுதான்.

ஆகவே வேலைக்குப் போகிற பிள்ளை கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல. "நான் யார் ரோலில்?" என்று கேட்க வேண்டும். சம்பளச் சீட்டில் எந்தப் பெயர் அச்சாகும்? கேட்டின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் பெயரா, நாம் கேள்விப்படாத ஏதோ ஒரு 'எண்டர்பிரைசஸ்' பெயரா?

பொதுவாக பிளஸ் டூ பிள்ளைக்கு இங்கே திறந்திருப்பது மூன்று வாசல்.

கான்ட்ராக்ட் ஒன்று. உடனே சேரலாம், உடனே அனுப்பியும் விடலாம். சில மாதம் ஓடியதும் 'பிரேக்' என்று நிறுத்துவார்கள், பிறகு வேறு கான்ட்ராக்டர் பெயரில் அதே லைனுக்குக் கூப்பிடுவார்கள். ஏன் இந்த விளையாட்டு? தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரே நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நாள் கணக்கு சேராமல் இருந்தால் சட்டம் கிட்ட வராது. இந்த 480 என்ற எண் பிளஸ் டூ பாடப்புத்தகத்தில் இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது, ட்ரெய்னி. கம்பெனியே நேரடியாக எடுக்கும், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று. சில கம்பெனிகள் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ என்று சொல்லி எடுக்கின்றன. உண்மையிலேயே வாரத்தில் ஒரு நாள் வகுப்பு நடத்தி, தேர்வு வைத்து, உருப்படியாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வகுப்பறையே இல்லாத டிப்ளமோவும் இருக்கிறது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: சான்றிதழை யார் தருகிறார்கள்? அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமா, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமா, அல்லது கம்பெனி லெட்டர்ஹெட்டா? லெட்டர்ஹெட் சான்றிதழ் அந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டினால் வெறும் தாள்.

மூன்றாவது அப்ரண்டிஸ். எனக்கு இதன் மேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 2019 விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையை, தகுதியைப் பொறுத்து 5,000 முதல் 9,000 வரை என்று வைத்தன. பெரிய கம்பெனிகள் அதற்கு மேலேயே கொடுக்கின்றன. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது, முடிந்ததும் வேலை தருவார்கள் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆனால் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டிஸ் போய்த் தேர்வில் பாஸானால் தேசிய அளவில் செல்லுபடியாகும் சான்றிதழ் வரும். ரயில்வேயோ, பி.ஹெச்.இ.எல்.லோ, துபாயோ, எல்லா இடத்திலும் அது பேசும். ஒரு எச்சரிக்கை: சும்மா 'அப்ரண்டிஸ்' என்று பெயர் சூட்டி உற்பத்தி லைனில் நிறுத்துவதும் நடக்கிறது. மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, பதிவு எண் என்ன என்று கேட்டு வாங்குங்கள். எண் இல்லையென்றால் அது அப்ரண்டிஸே இல்லை.

எந்த வாசலாக இருந்தாலும் சரி, வேலை வாங்கித் தருகிறேன் என்று கன்சல்டன்சிக்காரர் இரண்டாயிரம், மூவாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். அவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கம்பெனிப் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் எவரிடமும் விட்டு வராதீர்கள். நகல் போதும். ஒரிஜினல் அவர் மேசை டிராயரில் இருக்கும்வரை உங்களால் வேலையை விட முடியாது. அதற்காகத்தான் கேட்கிறார்.

இனி படிப்புப் பக்கம். எதிர்வீட்டு அக்காவிடம் நான் சொன்னதில் அவர் நம்பாத விஷயம் ஒன்று இருந்தது. "அரசு ஐ.டி.ஐ.ல சேத்தா நீங்க குடுக்க வேணாம்க்கா, அவங்க குடுப்பாங்க." அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. வருகை ஒழுங்காக இருந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. சைக்கிள், சீருடை, ஷூ, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் மேற்கொண்டு மாதம் 1,000 ரூபாய். பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன். இந்த ஆயிரம் காலேஜுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐ.டி.ஐ.க்கும் டிப்ளமோவுக்கும் உண்டு. ஆக மாதம் 1,750. பதினெட்டாயிரம் எங்கே, ஆயிரத்து எழுநூற்றைம்பது எங்கே என்று சிரிப்பீர்கள். சரிதான். ஆனால் இரண்டு வருடம் கழித்து ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் என்று ஒரு தொழிலின் பெயர் உங்கள் பெயருக்குப் பின்னால் நிற்கும். நோட்டீஸில் 'பாஸ் / ஃபெயில்' கூட்டத்திலிருந்து தனியாகப் பிரிந்துவிடுவீர்கள்.

செங்கல்பட்டில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கிண்டிக்கு இங்கிருந்து ஒரே ரயில். பழைய லேத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள் என்ற குறை நெடுநாள் இருந்தது, நியாயமான குறை. இப்போது 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து ரோபோ, சி.என்.சி. என்று புதுப்பித்திருக்கிறார்கள். சேரும் முன் அங்கே நேரில் போய் மெஷினைப் பாருங்கள். உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா, எண்ணெய் வாசனை வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று, ஐ.டி.ஐ. சேர்க்கையில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸின் வயது வரியை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டிப்ளமோ விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது, ஆசிரியர்கள்கூடச் சொல்வதில்லை. பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருடத்தில் டிப்ளமோ. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆக ஐ.டி.ஐ. போனால் அதோடு வாழ்க்கை முடிந்தது என்பது நம் உறவினர்கள் கிளப்பிவிட்ட புரளி.

பி.இ.தான் வேண்டும் என்றால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கவுன்சலிங் வழியாக அதில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அதை விட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. சாலையோரக் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து மயங்கி நிலத்தை விற்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் லைனிலேயே பி.இ. முடித்த பையன்கள் இருக்கிறார்கள். ஆபரேட்டர் வேலைக்கு பி.இ.யை எடுக்க மாட்டார்கள் என்பதால் பட்டத்தை மறைத்து, பிளஸ் டூ என்று சொல்லிச் சேர்ந்தவர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது தெர்மோடைனமிக்ஸ் பற்றி வாய் தவறிப் பேசினால் மற்றவர்கள் முழங்கையால் இடிப்பார்கள். ஒரு நாள் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் இந்த வட்டாரத்தை ஓட்டுகிறார்கள் என்றே சொல்லலாம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் கெட்டுப்போன சாப்பாட்டைத் தின்று பலர் ஆஸ்பத்திரியில் சேர, ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதி என்ற சொல்லே ஆட்சியாளர்கள் காதில் ஏறியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் விடுதியில் சேரும் முன் அம்மா ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு அறையில் எத்தனை பேர், எத்தனை கக்கூஸ், சி ஷிப்ட் முடிந்து வருகிறவள் பகலில் தூங்க இடம் எங்கே. விடுதி மேலாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், கூடுவாஞ்சேரி பெண்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, அவர்கள் வீட்டிலிருந்தே போகலாம். வாடகை இல்லை, சாப்பாடு வீட்டில். வெளியூர்ப் பெண் ஊருக்கு அனுப்பும் பணத்தை இவர்கள் மிச்சம் பிடிக்கலாம், சாயங்கால நேரத்தில் படிக்கவும் செய்யலாம். ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? "நாலு வருஷம் போகட்டும், நகைக்கு ஆச்சு" என்று அம்மா ஒரு கணக்கு வைத்திருப்பார். நகைக்கு ஆவது நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நாலு வருடத்தில் அஞ்சல் வழியில் ஒரு பி.காம். முடித்திருந்தால், கல்யாணமாகிக் குழந்தை பிறந்து 29 வயதில் மறுபடி வேலை தேடும்போது லைனுக்குப் போக வேண்டியிருக்காது. ஆபீசுக்குள் உட்காரலாம்.

இப்போது சின்ன விஷயம் போலத் தெரியும் ஒரு பெரிய விஷயம். ஏப்ரல், மே சும்மா இருக்கும் மாதத்தில் செய்து முடியுங்கள். மார்க் ஷீட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது, பேங்க் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்குத்தான் இந்த இனிஷியல் தொல்லை. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுசாக. பிறந்த தேதியில் ஒரு எண் மாறியிருக்கும். அன்று அது யாருக்கும் உறைக்காது. மூன்று வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு பி.எஃப். பணம் கேட்டு விண்ணப்பித்தால், பெயர் பொருந்தவில்லை என்று தள்ளுபடியாகி வரும். அந்த கான்ட்ராக்டர் கடையை மூடிக்கொண்டு போயிருப்பார், யாரிடம் கையெழுத்து வாங்குவது? இ-சேவை மையத்தில் இப்போதே மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

அதேபோல பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் ஒருவருக்கு வாழ்நாளுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு கான்ட்ராக்டரும் புதிதாக ஒன்று போட முயல்வார். பழைய எண்ணைக் கொடுத்து அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சேவை வருடங்கள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பத்து வருடம் முடிந்து பென்ஷன் தகுதி வரும். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். 480 நாளை நிரூபிக்க வேண்டி வந்தால் அதுதான் சாட்சி.

வயதும் பாருங்கள். பிளஸ் டூ முடிக்கும்போது நிறையப் பிள்ளைகளுக்கு 17தான். 18 நிரம்பாதவர்களைக் கம்பெனி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆதாரில் தேதியை மாற்றித் தருகிறேன் என்று சொல்கிற புரோக்கர் இருக்கிறார். அந்த மாற்றம் பின்னால் பாஸ்போர்ட், அரசுத் தேர்வு எல்லாவற்றிலும் வந்து நிற்கும்.

பைக் பற்றி ஒரு வார்த்தை. முதல் மாதச் சம்பளம் வந்ததும் இ.எம்.ஐ.யில் பைக். சிங்கப்பெருமாள் கோயில் – ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், சி ஷிப்ட் முடிந்த விடிகாலைத் தூக்கத்தோடு ஓட்டிக்கொண்டு வருவது வேலையைவிட அபாயம். கம்பெனி பஸ் இருக்கும் வரை கம்பெனி பஸ்.

ஃபோர்டு திரும்ப வருகிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களே, அது உண்மைதான். 2025 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். 3,250 கோடி முதலீடு, கார் இல்லை, எஞ்சின். உற்பத்தி 2029-ல். வேலை 600 பேருக்கு. முன்பு ஆயிரக்கணக்கில் வேலை கொடுத்த அதே இடத்தில் 600தான். இனி வரும் ஆலைகளில் கை குறைவாகத்தான் இருக்கும், மெஷினைக் கவனிக்கிற ஆள்தான் தேவைப்படுவார். அவர் 'பாஸ் / ஃபெயில்' ஆக இருக்க வாய்ப்பு குறைவு. கணக்குப் போடுங்கள்: 2026-ல் பிளஸ் டூ முடிக்கும் ஒருவர் நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேர்ந்தால் 2028-ல் முடிப்பார், ஒரு வருடம் அப்ரண்டிஸ் போனால் 2029. அப்போது அவருக்கு வயது 20, 21.

எதிர்வீட்டுப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். கான்ட்ராக்டில்தான் சேர்ந்தான். வீட்டு நிலைமை அப்படி. யு.ஏ.என். எண்ணை போனில் குறித்து வைத்திருக்கிறான். கடன் ஒன்று முடிந்ததும் ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் போடுவதாகப் பேச்சு. 40 வயது வரை நேரம் இருக்கிறது என்பதால் அவசரப்படுத்தவில்லை, ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஞாபகப்படுத்துகிறேன்.

இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் அண்ணன், அக்காக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இந்த வருடம் பிளஸ் டூ எழுதிய பிள்ளை கட்டாயம் இருக்கும். அது ஏதாவது ஒரு ஆஃபர் லெட்டரைத் தூக்கிக்கொண்டு வரும், அல்லது கம்பத்தில் இருந்த நம்பருக்கு போன் போட்டிருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த லெட்டரைச் சேர்ந்து படியுங்கள். யார் ரோல், எந்தச் சான்றிதழ், பி.எஃப். உண்டா என்று நீங்கள் கேளுங்கள், அதற்குக் கேட்கத் தெரியாது. அரசு ஐ.டி.ஐ. சேர்க்கை மே, ஜூனில் இணையவழியில் நடக்கும். பிளஸ் டூவில் ஒரு பேப்பர் போனவர்களுக்குத் துணைத் தேர்வு ஜூன் கடைசியை ஒட்டி வரும், அதற்குப் பணம் கட்டும் கடைசித் தேதி ரிசல்ட் வந்த சில நாளிலேயே முடிந்துவிடும். ரிசல்ட் அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள்.